கடல் முன்னே, காடு பின்னே

மே விடுமுறையில் சபாவுக்குப் போகிறோம். போர்னியோ தீவின் வடக்கு முனையில் இருக்கிற மலேசிய மாநிலம். அதன் கிழக்குக் கரையில் உலகத்தின் செழிப்பான பவளப்பாறைகளில் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பாதி நாள் சாலையில் போனால் யானையும் ஒராங்குட்டானும் வாழ்கிற ஆற்றோரக் காடு. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதிலிருந்து ஆளாளுக்கு "திட்டத்தை எனக்கும் அனுப்புங்க டீச்சர்" என்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

விடுதி, விமானம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கடல் முதலா, காடு முதலா? நாங்கள் கடலை முன்னே வைத்திருக்கிறோம். எங்கள் திட்டத்தில் மற்ற எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

நான் தூத்துக்குடிக்காரி. திரேஸ்புரம் பக்கம் சங்குகுளிக்கிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் காலத்தில் மூச்சடக்கி முங்கினார்கள். பிறகு படகில் கம்ப்ரசர் வந்தது. நீளமான டியூப் ஒன்றின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் வரும் காற்றை இழுத்தபடி, மணிக்கணக்கில் அடித்தரையில் கிடந்து சங்கு எடுப்பார்கள். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் அப்படிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் தொழில் முடிந்து கரையிறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்தார். குளித்துச் சாப்பிட்டார். சாயங்காலம் திண்ணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லை. ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். இடது காலை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு கணம் அதைக் குனிந்து பார்த்துக்கொள்வார். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

அவருக்கு என்ன நடந்தது என்பதை வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் நாம் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாக வெளியேறிவிடும். வேகமாக வந்தால் கோலி சோடாவைத் திறந்த கணக்குத்தான், உள்ளேயே குமிழி கட்டும். தண்டுவடத்தில் கட்டினால் கால் போகும். ஒழுங்காகப் பயின்று, நேரக் கணக்குப் பார்த்து டைவ் செய்கிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் விமானம் ஏறினால், காற்றழுத்தம் இன்னும் குறைந்து அதே சிக்கல் வரலாம். அதனால்தான் தொடர்ந்து சில நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்கிறார்கள். 24 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது.

விமானத்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் இந்தக் கணக்கு உண்டு. சபா என்றதும் பலரும் கினபாலு மலையையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதன் உச்சி 4,095 மீட்டர். எனக்கு ஒரு சுற்றுலா முகவர் அனுப்பிய அட்டவணையில் கடைசி டைவ் முடிந்த மறுநாள் காலையிலேயே சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவுக்கு விமானம், அதற்கு மறுநாள் மலையேற்றம் என்று இருந்தது. அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். விமானம் வேண்டாம், காரிலேயே போய்விடலாம் என்று நினைக்கிறவர்களும் கவனியுங்கள்: கிழக்குக் கரையிலுள்ள சண்டக்கான் நகரிலிருந்து கோத்தா கினபாலுவுக்குப் போகிற நெடுஞ்சாலை அந்த மலையின் தோளில், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறித்தான் இறங்குகிறது.

எங்கள் வழி இது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர். தென்மாவட்டக்காரர்கள் சென்னைக்குப் போய் அலைய வேண்டாம். திருச்சியிலிருந்தே நேரடி விமானங்கள் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து சபாவின் தென்கிழக்கில் இருக்கும் தாவாவ் நகருக்கு இன்னொரு விமானம். தாவாவிலிருந்து காரில் செம்போர்னா, செம்போர்னாவிலிருந்து படகில் மாபுல் தீவு. கடல் முடிந்ததும் செம்போர்னாவிலிருந்து லகாட் டத்து வழியாகக் காரிலேயே கினபத்தாங்கான் ஆற்றங்கரை. காடு முடிந்ததும் சண்டக்கான், அங்கிருந்து நேரே கோலாலம்பூர். போன வழியில் திரும்பி வருவதில்லை. கோத்தா கினபாலுவை மிதிப்பதே இல்லை. கடைசி டைவுக்கும் முதல் விமானத்துக்கும் நடுவே காட்டில் கழிக்கிற நாள்கள் முழுதும் நைட்ரஜன் வெளியேறக் கிடைக்கிற நேரம். கடல் முடிந்து விடுதி அறையில் சும்மா உட்கார்ந்து 24 மணி நேரத்தை எண்ண வேண்டிய தேவையே இல்லை.

கடலை முன்னே வைக்க வேறு காரணங்களும் இருக்கின்றன. காட்டில் மழையில் நனைந்து சளி பிடித்தால் அப்புறம் காது அடைத்துக்கொள்ளும். அடைத்த காதோடு கீழே இறங்கக் கூடாது, செவிப்பறை கிழியும். அட்டைக் கடியைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறுவதும் நல்லதல்ல. காட்டில் மலேரியா வராதிருக்க டாக்டர் எழுதிக்கொடுக்கக்கூடிய டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு: வெயில் பட்டால் தோல் சட்டென்று பொசுங்கும். கடல் மேல் வெயிலில் அது படாத பாடு படுத்திவிடும். எங்கள் டாக்டரிடம் கடல், காடு இரண்டையும் தேதியோடு எழுதிக் காட்டித்தான் மருந்து கேட்டோம். நீங்களும் "மலேசியா போறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். டைவ் செய்கிறவர்களுக்கு ஒத்துவராத மலேரியா மாத்திரைகளும் உண்டு.

இனி கடல்.

எனக்கு வேண்டியது சிபடான். மற்றத் தீவுகள் கண்டத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இது அப்படியல்ல, அணைந்த எரிமலை ஒன்றின் உச்சியில் பவளம் வளர்ந்து, கடல் தரையிலிருந்து 600 மீட்டர் எழுந்து நிற்கிற தூண். மேலே தெரிகிற தீவை அரை மணியில் நடந்தே சுற்றிவிடலாம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் முழங்கால் தண்ணீரில் நடந்தால் பாறை விளிம்பு வரும், அதற்கு அப்பால் செங்குத்தான சுவர். இந்தத் தீவுக்கு இந்தோனேசியாவும் மலேசியாவும் உரிமை கொண்டாடி, 2002 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றம் மலேசியாவுக்கு என்று தீர்ப்புச் சொன்னது. தீவில் இருந்த விடுதிகள் எல்லாவற்றையும் 2004 இறுதிக்குள் காலி செய்ய வைத்தார்கள். இப்போது அங்கே யாரும் தங்க முடியாது. பகலில் அனுமதிச் சீட்டோடு போய்த் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. ஒரு பவளப்பாறையைக் காப்பாற்ற ஒரு அரசு செய்யக்கூடியதில் இது உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன்.

வரம்பு இருப்பதால் சீட்டு எளிதில் கிடைப்பதில்லை. அதை டைவ் விடுதிகள் வழியாகத்தான் வாங்க வேண்டும். மாபுலில் இத்தனை இரவு தங்கினால் ஒரு நாள் சிபடான் என்றுதான் பெரும்பாலும் விற்கிறார்கள். அதனால் முதலில் சிபடான் நாளை உறுதி செய்துகொண்டு, பிறகு விமானச் சீட்டைப் போடுங்கள். அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் என்ற இரண்டாம் நிலை டைவிங் சான்றிதழும் கேட்கிறார்கள். என்னிடம் ஓப்பன் வாட்டர் மட்டும்தான் இருக்கிறது, அந்தமானில் சுவராஜ் தீவில் படித்தது. அட்வான்ஸ்டு படிப்பை மாபுலிலேயே முதல் இரண்டு நாளில் முடித்துவிடுவதாக ஏற்பாடு. அதற்குள்ள ஐந்து டைவும் மாபுலையும் பக்கத்திலுள்ள கப்பலாயையும் சுற்றியே நடந்துவிடும். அந்த மணல் தரைகளில் தவளைமீன், கணவாய், கையகலம்கூட இல்லாத மாண்டரின் மீன் என்று சின்ன உயிர்கள்தான் சிறப்பு. சிபடானில் எல்லாம் பெரிது: ஆயிரக்கணக்கில் சுழன்று நிற்கிற சீலா மீன் கூட்டம், மேய வருகிற பச்சை ஆமை, நெற்றி புடைத்த கிளிமீன் மந்தை. அந்தக் கிளிமீன் பவளத்தைக் கடித்து அரைத்து, தின்றது போக மிச்சத்தை வெள்ளை மணலாகக் கழிக்கும். நாம் கால் புதைத்து நடக்கிற வெண்மணலில் கணிசமான பங்கு அதன் வயிறு வழியாக வந்தது.

தேதி குறித்தது நிலவைப் பார்த்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு, அதாவது நீரோட்டம், கடுமையாக இருக்கும் என்பது எங்கள் ஊர் கடலோடிகளுக்குப் பால பாடம். சிபடான் சுவரோரத்தில் நீரோட்டம் பலமானது என்பதால், அஷ்டமி நவமி பக்கம் வரும்படி அந்த நாளைக் கேட்டு வாங்கினேன். பழகின டைவர்கள் பலத்த நீரோட்டத்தில்தான் பெரிய மீன் கூட்டம் என்று அதைத் தேடிப் போவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் போதாது; தண்ணீர் அமைதியாக இருந்தால் நின்று பார்க்கலாம்.

பாதுகாப்பு பற்றி வீட்டில் கட்டாயம் கேட்பார்கள், பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2000-ல் சிபடானிலேயே ஆயுதக் கும்பல் சுற்றுலாப் பயணிகளைக் கடத்திப் போனது. 2013-ல் லகாட் டத்துவில் ஊடுருவல் நடந்த பிறகு கிழக்குக் கரை முழுவதையும் தனிப் பாதுகாப்பு மண்டலமாக்கினார்கள். தீவுகளில் காவல் இருக்கிறது, மாலை 6 முதல் காலை 6 வரை கடலில் ஊரடங்கு. நாம் கவனிக்க வேண்டியது, தாவாவுக்குப் பிற்பகலில் போய் இறங்குகிற விமானத்தில் போனால் அன்று படகு கிடைக்காது. காலை விமானமே போடுங்கள். பயணக் காப்பீட்டில் இந்தப் பகுதிக்கு விலக்கு இருக்கிறதா, டைவிங்குக்கும், நைட்ரஜன் குமிழி கட்டினால் அழுத்தக் கலத்துக்குள் வைத்துச் செய்கிற சிகிச்சைக்கும் பணம் வருமா என்று நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். நான் முதலில் பார்த்த பாலிசியில் "சாகச விளையாட்டுகள் நீங்கலாக" என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. டைவர்களுக்கென்று தனிக் காப்பீடு உண்டு, அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

இந்தக் கடலில் பஜாவ் லாவுட் மக்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் படகே வீடாக வாழ்ந்தவர்கள். பெரும்பாலோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அதனால் அரசுப் பள்ளிக்கூடத்தில் சேர முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். 2024 ஜூனில் செம்போர்னாவை ஒட்டிய கடல் பூங்காவுக்குள் இருந்த அவர்களுடைய வீடுகளை அதிகாரிகள் இடித்தார்கள். விடுதிப் படகுகளை நோக்கிச் சின்னப் பிள்ளைகள் துடுப்புப் போட்டு வருவார்கள். அவர்களைப் படம் எடுப்பதற்கென்றே சிலர் போகிறார்கள். நாங்கள் எடுக்கப்போவதில்லை. என் மகளிடம் போகும் முன்பே இதைப் பேசிவிட்டேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறவள், சொன்னதும் புரிந்துகொண்டாள்.

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போகிற கல் எங்கிருந்து வந்தது என்று இளைய ஆசிரியர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாக ஏற்றி வருவார்கள். கரையில் குவிந்து கிடக்கும். கையில் எடுத்தால் ஒவ்வொரு கல்லிலும் நட்சத்திர நட்சத்திரமாக ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு உயிர் இருந்த வீடு. காய்ந்த கல்லில் ஒரு கெட்ட வாடை அடிக்கும். அதை எரித்துத்தான் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளை அடித்தோம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. அதில் இரண்டு இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவும் தேய்ந்து, அதைக் காப்பாற்ற 2015-லிருந்து சுற்றிலும் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்கினார்கள். பெயர்ப்பது நின்றது. ஆனால் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மிஞ்சிய பவளமும் வெளுத்தது. 2024 ஏப்ரலில் உலகம் முழுவதும் நான்காவது பெரும் வெளுப்பு நடக்கிறது என்று அறிவித்தார்கள். முழுதாக இருக்கிற ஒரு பாறையை என் கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு அங்கிருந்து வந்தது.

அதனால் பெட்டியில் சன்ஸ்கிரீன் குறைவு, முழுக்கை நீச்சல் சட்டை அதிகம். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் சேர்ந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் விற்கவே தடை. சட்டை போட்டு மறைத்தால் பூசவே வேண்டாம். செம்போர்னாவில் தொட்டிகளில் உயிரோடு நீந்துகிற களவா மீனைக் காட்டி என்ன வேண்டும் என்பார்கள். பெரிய களவா பாறையிலேயே குடியிருக்கிற மீன், பெரிதாக வருஷங்கள் ஆகும். அதை விட்டுவிட்டுச் சூரையோ கணவாயோ கேளுங்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கடலில் ஆர்வம் கிடையாது. துறைமுகத்தில் வேலை, தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறார். "நீ முங்கு, நான் மேல இருந்து பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். மிதவைச் சட்டை போட்டு, ஸ்நார்க்கல் கண்ணாடியோடு மகளுக்குத் துணையாக மிதப்பதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். சிபடான் விளிம்பில் மிதந்தாலே ஆமை தெரியும் என்பதால் அவர்கள் இருவருக்கும் அன்றைய சீட்டு வாங்கியிருக்கிறேன். பயணத்தின் மறுபாதி அவருடையது. அவருக்குக் காடும் பறவையும்.

கினபத்தாங்கான், சபாவின் மிக நீளமான ஆறு, 560 கிலோமீட்டர். கீழ்ப்பகுதியில் சுக்காவ், பிலிட் என்று இரண்டு கிராமங்களை ஒட்டி ஆற்றங்கரை விடுதிகள் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் சின்னப் படகில் கூட்டிப்போவார்கள். மாலைப் படகைத் தவற விடவே கூடாது. போர்னியோவில் மட்டுமே இருக்கிற தும்பிக்கை மூக்குக் குரங்குகள் பகலெல்லாம் உள்காட்டில் இலை தின்றுவிட்டு, இருட்டும் முன் கூட்டங்கூட்டமாக ஆற்றோர மரங்களுக்கு உறங்க வரும். பழுத்த இனிப்புப் பழம் அவற்றுக்கு ஆகாது, வயிற்றில் நொதித்து உப்பிவிடும். விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு, ஆற்றில் குதித்து நீந்திக் கடக்கும்.

என் வீட்டுக்காரர் போவது இருவாச்சிக்காக. வால்பாறையில் ஒரு ஜனவரி காலையில் பெரிய இருவாச்சி ஒன்று எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது. சிறகு காற்றை வெட்டுகிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. அப்போதிருந்து அவருக்கு அதே நினைப்பு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற இடுக்கு மட்டும் விட்டு வைக்கும். குஞ்சு வளர்கிற வரை ஆண் பறவைதான் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆண் செத்தால் குடும்பமே போச்சு. போர்னியோவில் இருக்கிற எட்டு வகை இருவாச்சியும் இந்த ஆற்றோரத்தில் உண்டு. அதில் தலைக்கவச இருவாச்சி என்ற வகைக்கு அலகின் மேல் இருக்கிற கொண்டை உள்ளே கூடில்லாமல் கெட்டியாக இருக்கும். தந்தம் மாதிரி செதுக்கலாம் என்று அதைச் சுட்டுத் தள்ளி, இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அவர் எட்டுப் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, எது எந்த மரத்துப் பழத்துக்கு வரும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டிருக்கிறார். விடுதிக்காரரிடம் இப்போது எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று கேட்டுக் கடிதம் போட்டார். மே மாதம் நீங்கள் வரும்போது பார்த்துச் சொல்கிறோம் என்று பொறுமையாகப் பதில் எழுதினார்கள். எந்த விடுதி என்று குழம்புகிறவர்கள் இப்படி ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். ஏசி உண்டா என்பதற்கு எல்லாரும் பதில் சொல்வார்கள். அத்திப்பழத்துக்குப் பதில் சொல்கிறவரிடம் நல்ல வழிகாட்டி இருப்பார்.

இந்தக் காட்டில் விலங்குகள் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதற்கு ஒரு வேதனையான காரணம் இருக்கிறது. லகாட் டத்துவிலிருந்து வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் எண்ணெய்ப்பனைத் தோட்டம்தான். காடு ஆற்றை ஒட்டிய நாடாவாகச் சுருங்கிவிட்டது, பல இடங்களில் அதுவும் அறுந்து கிடக்கிறது. யானைக்கும் ஒராங்குட்டானுக்கும் ஆற்றோரத்தைத் தவிரப் போக்கிடம் இல்லை. நம் ரேஷன் கடையில் கார்டுக்கு ஒரு பாக்கெட் தருகிற பாமாயில் மலேசியா, இந்தோனேசியாத் தோட்டங்களிலிருந்து வருவது. எங்கள் வீட்டில் வடை சுடுகிற எண்ணெய் அதுதான். அதை வாங்காமல் விடுவது நம் ஊரில் எல்லாராலும் முடிகிற காரியமல்ல. ஏழை வீடுகளுக்கு வேறு எண்ணெய் கட்டுப்படியாகாது. ஆனால் அந்தச் சாலையில் போகிறபோது மகளைத் தூங்கவிடாமல் ஜன்னல் பக்கம் உட்கார வைக்கப்போகிறேன். ஒரு பாக்கெட் எண்ணெய் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று அவள் பார்க்கட்டும்.

பக்கத்திலேயே கொமாந்தோங் குகை. உயரத்தில் பிரம்பு ஏணி கட்டி உழவாரன் குருவிக் கூடுகளை எடுப்பார்கள், சீனர்கள் சூப் வைக்க. தரையில் வௌவால் எச்சம், அதில் கரப்பான் பூச்சி கோடிக்கணக்கில். மகள் வரமாட்டேன் என்கிறாள், கட்டாயப்படுத்தப்போவதில்லை. நானும் என் வீட்டுக்காரரும் போவோம். ஒரு எச்சக் குவியல் இத்தனை உயிர்களுக்குச் சோறு போடுகிறது என்பதை நான் வேறு எங்கே பார்ப்பேன்?

அட்டைக்கு, முழங்கால் வரை வருகிற நெருக்கமான நெசவுக் காலுறை வேண்டும். சாதாரண சாக்ஸின் கண்ணி வழியாக அது நுழைந்துவிடும். எங்கள் தையல்காரரிடம் காடாத் துணி கொடுத்து, முழங்காலுக்குக் கீழே நாடா வைத்துத் தைக்கச் சொன்னேன். அளவெடுக்கக் காகிதத்தில் பாதத்தை வரைந்து கொடுத்தால் போதும். ஓரத் தையலை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள், ஊசித் துளை அகலமாக இருந்தாலும் அட்டை விடாது. பூச்சி விரட்டிக் களிம்பைக் கண்ணாடி, கேமரா மேல் படவிடாதீர்கள், அதிலுள்ள டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கை உருக்கும்.

காய்ச்சல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருகிற ஒரு வகை மலேரியா இருக்கிறது. எலிக்காய்ச்சலும் உண்டு. 2000-ல் அங்கே நடந்த ஒரு சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் பலர் ஊர் திரும்பிய பிறகு எலிக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஆற்றில் இறங்கி நீந்தாதீர்கள், முதலையும் இருக்கிறது. திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் சபா காட்டுக்குப் போய் வந்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

விட்டுவிட்ட இடங்களில் தனும் பள்ளத்தாக்கை விட்டதுதான் மனசுக்கு ஆறவில்லை. 438 சதுர கிலோமீட்டர், கோடரி படாத காடு. 100.8 மீட்டர் உயரமான மெராந்தி மரம் அங்கேதான் நிற்கிறது. ஆனால் அங்கே தங்குகிற செலவு எங்கள் கைக்கு மீறியது, போகும் வழியும் தனி. அதைச் சேர்த்தால் ஆற்றோர இரவுகளைக் குறைக்க வேண்டியிருக்கும். காட்டில் ஒரே இடத்தில் இரண்டாவது மூன்றாவது நாள் இருக்கிறபோதுதான் கண் பழகி, இலைக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும் என்று ஆனைமலையில் கண்டுகொண்டோம். சுமத்ரா காண்டாமிருகத்தைப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம், ஈமான் என்ற பெண், 2019 நவம்பரில் சபாவிலேயே செத்துப்போனது என்று சொன்னேன். அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

தாள் வேலைகள் சுலபம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம், 2026 இறுதி வரை அந்தச் சலுகை இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கோலாலம்பூரில் முத்திரை வாங்கினாலும் சபாவில் இறங்கும்போது மறுபடி குடிநுழைவு உண்டு, அந்த மாநிலத்துக்கு அந்த அதிகாரம் தனி. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். டைவ் செய்கிறவர்கள் உடல்நலப் படிவத்தை இங்கேயே டாக்டரிடம் கையெழுத்து வாங்கி எடுத்துப் போங்கள்.

இன்னும் முடிவாகாதது ஒரே ஓர் இரவு. சண்டக்கான் போகிற வழியில் செப்பிலோக்கில் தங்கலாம். தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளைக் காட்டுக்குப் பழக்குகிற நிலையம் 1964-லிருந்து அங்கே நடக்கிறது, பக்கத்திலேயே சூரியக் கரடிகளுக்கும் ஒன்று. மகளின் ஓட்டு அதற்கு. என் வீட்டுக்காரர் அந்த இரவையும் ஆற்றங்கரையிலேயே கழிக்கலாம் என்கிறார், எட்டில் ஏதாவது ஒன்று பாக்கி இருந்தால் அன்று தேடலாமாம். செப்பிலோக்கில் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் உணவு வைக்கிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் 10 மணிக்கு அங்கே நிற்கலாம், பிற்பகலில் சண்டக்கானில் விமானத்தையும் பிடிக்கலாம். விடுதியில் வண்டி அத்தனை சீக்கிரம் கிளம்புமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். சரி என்று பதில் வந்தால் அந்த இரவு அவருக்கு.